எதிர்க்கூண்டுச் சாட்சி

சொர்ணவடிவுக்கு ஒரு எதிரிகூட இல்லை என்பது, பூமிக்காரர்கள் ஊரை விட்டுக் கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போதுதான் தெரியவந்தது.

அதற்கு முன் அவளுக்கு அதை யோசிக்க நேரம் இருந்ததில்லை. செவ்வாய்க் கிரகத்தில், செங்கழனிப் பதிவகத்தின் முதல் மேசை அவளுடையது. ஏறக்குறைய மூன்று வருடமாக அங்கே உட்கார்ந்து பதினெட்டாயிரத்து அறுநூறு பேருக்குக் குடிச்சான்று எழுதிக் கொடுத்திருந்தாள். தனக்கு எழுதிக்கொள்ளவில்லை. பந்தி பரிமாறுகிறவர்கள் கடைசியில் சாப்பிடுவதுபோல, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

செங்கழனி இரண்டு கண்ணாடிக் கூரைகளுக்குக் கீழே இருக்கும் ஊர். ஒன்று மேலக்கூண்டு, மற்றது கீழக்கூண்டு. குடியிருந்தவர்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் வேலை பார்த்தவர்களின் பேரன் பேத்திகள். கிரகம் மாறியும் பேச்சு மாறவில்லை, கோபமும் மாறவில்லை. இரண்டு கூண்டுக்கும் நடுவே போகிற பனிச்சுரங்கம் யாருக்குச் சொந்தம் என்று பதினான்கு மாதம் அடித்துக்கொண்டார்கள். முதல் வாரத்திலேயே ஆவணக் கோபுரம் எரிந்துபோயிற்று. இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் யார், எந்த ஊர், யாருக்கு யார் என்ன உறவு என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

பூமியிலிருந்து பதினேழு நாடுகள் சேர்ந்து அறுபத்தொரு பேரை அனுப்பின. அதற்குப் பன்னாட்டு இடைக்கால நிர்வாகம் என்று பெயர். காவல், நீதிமன்றம், பதிவகம், தேர்தல் எல்லாவற்றையும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கட்டி எழுப்பி, உள்ளூர்க்காரர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர்களுக்கு இட்ட வேலை. தலைமை நிர்வாகி அட்ஜோவா மென்சா என்கிற கானா நாட்டு அம்மாள். ஏழு மாதக் கப்பல் பயணத்தில் பழைய நூல்களை வைத்துக்கொண்டு தானாகவே தமிழ் படித்திருந்தார். வந்து இறங்கிய அன்று கூட்டத்தில் எழுந்து, "அன்புசால் பெருமக்களே, அமர்மின்" என்றார். உட்காரச் சொல்கிறார் என்பது ஒருவருக்கும் புரியவில்லை. இரண்டு மணி நேரம் நின்றபடியே கேட்டார்கள்.

ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுப்பதுதான் முதல் வேலை. அதிலேயே தகராறு. மேலக்கூண்டு தன் பக்கம் பதிமூவாயிரம் பேர் என்றது. கீழக்கூண்டு பதினாலாயிரம் என்றது. காற்றுப் பொறிகளோ இரண்டு கூண்டிலும் சேர்த்துப் பத்தொன்பதாயிரம் பேர்தான் மூச்சு விடுகிறார்கள் என்றன. தேர்தல் வந்தால் யார் பக்கம் ஆள் அதிகமோ அவர்களுக்குத்தான் சுரங்கம். அதனால் இரண்டு பக்கமும் செத்தவர்களையும் பிறக்காதவர்களையும் சேர்த்துச் சொன்னார்கள்.

அப்போதுதான் ஏழாம் விதி வந்தது. ஒருவர் குடிச்சான்று பெற வேண்டுமென்றால், எதிர்க்கூண்டைச் சேர்ந்த ஒருவருடைய நினைவில் அவர் இருக்க வேண்டும். அந்த நினைவு ஆயிரம் நாளாவது பழையதாக இருக்க வேண்டும்.

பயிற்சி வகுப்பில் வடிவு எழுந்து கேட்டாள். "எதுக்கும்மா எதிர்க்கூண்டு ஆளு? பக்கத்து வீட்டுக்காரன் சொன்னாப் பத்தாதா?"

"தம் கூண்டினர் தம்மவரைப் பெருக்கிக் காட்டுவர், வடிவு. மாற்றார் ஒப்பிய பட்டியலையே மாற்றார் ஏற்பர்" என்றார் மென்சா.

"மாத்தாருன்னா யாரு?"

"எதிரிகள்."

"அப்ப நான் இந்த ஊர்க்காரின்னு என் எதிரி வந்து சொல்லணும்."

"ஆம்."

"நல்லாத்தான் இருக்கு, போங்க" என்று வடிவு உட்கார்ந்துகொண்டாள்.

பொய் சொல்லித் தப்ப முடியாது. பூமிக்காரர்கள் ஒரு கருவி கொண்டுவந்திருந்தார்கள். சாட்சியின் தலையில் வைக்கிற குல்லாய். அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. பின்பக்கம் உருண்டையாகத் துருத்திக்கொண்டிருந்ததால் ஊரில் அதைக் கொண்டை என்றார்கள். கண்ணால் கண்டது மூளையில் ஓரிடத்தில் எரியுமாம், கதையாகக் கேட்டதும் கற்பனையும் வேறிடத்தில் எரியுமாம். நினைவு பழசாக ஆக அதன் இழைகள் இறுகுமாம். அந்த இறுக்கத்தை அளந்து எத்தனை நாள் பழையது என்றும் கொண்டை சொல்லிவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகமும் நினைவில் இருக்கும் முகமும் ஒன்றானால் பச்சை விளக்கு. இல்லாவிட்டால் சிவப்பு.

விதி வேலை செய்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எதிரியைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிவர வேண்டியிருந்ததால், பதினான்கு மாதம் ஒருவரை ஒருவர் சுட்டவர்கள் ஒருவர் வாசலில் ஒருவர் போய் நின்றார்கள். "பள்ளிக்கூடத்துல என் மண்டைய ஒடச்சியே, அந்தத் தழும்பு இன்னும் இருக்கு, வா, வந்து சொல்லு" என்று கூப்பிட்டுப் போனார்கள். மண்டை உடைத்த நினைவு பச்சையாக எரிந்தது. வரிசையில் நிற்கும்போது திட்டிக்கொண்டு நின்றவர்கள் திரும்பும்போது தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. சாட்சி கிடைக்காமல் நின்றவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் முதல் ஆள் ஞானதிரவியம்.

மேலக்கூண்டில் தக்காளி வளர்ப்பவர் அவர். நாற்பத்தைந்து வயது. பதிவகம் திறந்த முதல் நாள், இது என்ன புதுச் சிக்கலோ என்று ஊரே பயந்து வீட்டில் இருந்தபோது, அவர் ஒருவர் மட்டும் வந்தார். மேலக்கூண்டுச் சமையல்கூடத்தில் வேலை பார்க்கும் ஜெபக்கனியைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். சான்று இல்லாமல் கல்யாணம் பதியாது. அவரை அறிந்த ஒரே கீழக்கூண்டுக்காரர் சங்கரபாண்டி. இருபது வருடம் சேர்ந்து கேரம் ஆடியவர். சண்டையின் மூன்றாம் நாள் செத்துப்போனார். வடிவு ஞானதிரவியத்தைத் திருப்பி அனுப்பினாள்.

அடுத்த திங்கட்கிழமை வந்தார். அதற்கடுத்த திங்கட்கிழமையும் வந்தார். பிறகு ஒரு திங்கள் தவறியதில்லை. ஒரு தடவை, சந்தையில் தன்னைக் கன்னத்தில் அறைந்ததாகச் சொல்லும் ஒரு கீழக்கூண்டு அம்மாளைக் கூட்டிவந்தார். கொண்டை சிவப்பு காட்டியது. அந்த அம்மாள் அறைந்தது உண்மைதான், ஆனால் வேறு ஒரு மேலக்கூண்டுக்காரரை. "அந்த அடிய நான் வாங்கினதா வச்சிக்கிடப்பிடாதா?" என்று ஞானதிரவியம் கெஞ்சினார். இன்னொரு தடவை, தன் செருப்பைத் திருடியவர் இவர்தான் என்று சத்தியம் செய்யும் ஒருவரைக் கூட்டிவந்தார். அதுவும் சிவப்பு. "நான் திருடல்லன்னு இந்த மிசினே சொல்லிட்டு. அதையாவது எழுதிக் குடுங்க" என்றார்.

"அதுக்குப் படிவம் இல்ல அண்ணாச்சி" என்றாள் வடிவு.

"எதுக்குத்தான் இருக்கு? ரெண்டு கூண்டும் சேந்து என் சாட்சியக் கொன்னுட்டு, சாட்சி எங்கன்னு நீங்க கேக்கிய."

"நான் ஒருத்தரையும் கொல்லல. விதியில என்ன இருக்கோ அதத்தான் சொல்லுதேன்."

இப்படியே போய்க்கொண்டிருந்தது.

பூமிக்காரர்கள் கிளம்ப ஒன்பது நாள் இருக்கையில் மென்சா வடிவைத் தன் அறைக்கு அழைத்தார். பதிவகத்தின் தலைமைப் பதிவாளராக அவளைத்தான் நியமிக்கப் போவதாகச் சொன்னார். உத்தரவு தயாராக மேசைமேல் இருந்தது. அதில் ஒரு கட்டம் மட்டும் காலி.

"தங்கள் குடிச்சான்று எண்?"

வடிவு விழித்தாள். "இனிமேதான் எடுக்கணும். ரெண்டு நாள்ல எடுத்திருதேன்."

அன்று மத்தியானம்தான் அவள் உட்கார்ந்து யோசித்தாள். மேலக்கூண்டில் தன்னைத் தெரிந்தவர் யார்? பத்தொன்பது வயதிலிருந்து அவளுக்குப் பனிச்சுரங்கத்தின் அடியில் பம்ப் வீட்டில் வேலை. இரண்டு கூண்டுக்கும் தண்ணீர் போனது அங்கிருந்துதான். ஆனால் யாரும் இறங்கி வந்ததில்லை. கூட இருந்தது தாயம்மாள் ஒருத்தி, அவளும் கீழக்கூண்டு. வடிவு யாருடனும் சண்டை போட்டதில்லை, யாரையும் திட்டியதில்லை, யார் மண்டையையும் உடைத்ததில்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாமல் மேலக்கூண்டு அவள் இறைத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அவள் மென்சாவிடம் போய் நின்றாள். "எனக்கு எதிரி இல்லம்மா."

மென்சா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "தாங்கள் பதிவாளர் ஆகாவிடில் பதிவகம் பூமியிலிருந்து நடத்தப்படும். பதினேழு நாடுகளும் ஒப்பி, கடிதம் ஒன்றுக்கு விடை வர மூன்று மாதம் ஆகும்."

"தெரியும்மா."

"அலுவலர்க்கு மட்டும் விலக்களிக்க எனக்கு அதிகாரம் உண்டு." மென்சா பேனாவை எடுத்தார். "ஒரு கையொப்பம் போதும்."

வடிவு அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டும் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. "அந்த முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கும் இதே மாதிரி போட முடியுமா?"

"இயலாது. அவர்கள் அலுவலர் அல்லர். அதற்குப் பதினேழு நாடுகளின் பேரவையில் வாக்கெடுப்பு வேண்டும்."

"அப்ப எனக்கும் வேண்டாம். திங்கக்கிழம ஞானதிரவியம் அண்ணாச்சி வந்து நிப்பாரு. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு விதியில இல்லன்னு சொல்லுவேன்?"

"வடிவு, இது பிடிவாதம்."

"ஆமாம்மா. நீங்கதான மூணு வருசமாச் சொல்லிக் குடுத்திய."

சொல்லிவிட்டு வந்தாளே தவிர, வேலையில் உட்கார முடியவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மேலக்கூண்டுக்குப் போனாள். சந்தையில், சலவைக்கூடத்தில், காற்றுப் பொறிக்கு எதிரே கிடக்கும் பெஞ்சுகளில் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் ஒரே கேள்வி. "என்னையத் தெரியுமா?"

தெரியாதவர் ஒருவரும் இல்லை.

"தெரியாம என்ன? அந்த ஆபீசுல மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருப்பியளே, நீங்கதான?" என்றாள் பூக்காரி.

"எங்க மாமன் பேர்ல ஒரு துணைக்காலு விட்டுப்போச்சுன்னு மூணு தடவ நடக்கவிட்டியளே, மறப்பனா?" என்றார் சலவைக்கூடத்துக்காரர்.

ஒரு அம்மாள் அவளைப் பார்த்ததுமே எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எதிரியே இல்லை என்று வந்தவளுக்கு ஒரு கூண்டு நிறைய எதிரிகள்! ஆனால் எல்லாம் பதிவகத்தில் சம்பாதித்தவை. பூக்காரியின் நினைவு எழுநூறு நாள், சலவைக்காரருடையது எண்ணூறு. ஆயிரம் நாள் என்று விதி எழுதியவர்கள் சண்டைக்கு முந்தைய பழக்கத்தை மனதில் வைத்து எழுதினார்கள். பூமிக்காரர்கள் ஐந்நூறு நாளில் திரும்பிவிடுவார்கள் என்பது அப்போதைய திட்டம்.

பெஞ்சில் உட்கார்ந்து கால் வலிக்கு முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த வடிவு சட்டென்று கையை நிறுத்தினாள். விரல் விட்டு எண்ணினாள். தப்பாக இருக்கும் என்று மறுபடி எண்ணினாள். பதிவகம் திறந்து அன்றோடு ஆயிரத்து நான்கு நாள் ஆகியிருந்தது. திறந்த அன்று அவளைப் பார்க்க வந்தது ஒரே ஒரு மேலக்கூண்டுக்காரர்.

அவள் தக்காளிக் கூடத்துக்குப் போனபோது ஞானதிரவியம் ஏணிமேல் நின்று கொடிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே அவளைப் பார்த்ததும் முடிச்சை விட்டுவிட்டார்.

"என்ன, தேடி வந்தே இல்லன்னு சொல்லுத ஏற்பாடு ஆயிட்டா?"

"இறங்கி வாங்க அண்ணாச்சி. ஒரு விசயம்."

"நின்னே கேக்கேன். மூணு வருசமா நின்னு பழகிட்டு."

வடிவு அண்ணாந்து பார்த்தபடியே சொன்னாள். தனக்கு எதிரி இல்லாமல் போனதை, மென்சா பேனாவை எடுத்ததை, நாள் எண்ணியதை எல்லாம் சொன்னாள். "முத நாளு நீங்க என்னையப் பாத்திய. அந்த நெனவுக்கு இப்ப ஆயிரத்து நாலு நாளு. நீங்க எனக்குச் சாட்சி சொல்லலாம். நானும் உங்களப் பாத்தேன். நான் கீழக்கூண்டு. உங்களுக்கு நான் சொல்லலாம்."

ஞானதிரவியம் மெதுவாக இறங்கி வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"இத எப்பக் கண்டுபிடிச்சிய?"

"இப்பத்தான். ஒரு மணி நேரம் இருக்கும்."

"ஆயிரமாவது நாளு, நாலு நாளு முன்னாடியே வந்திருக்கு. அன்னைக்கித் தெரியல. உங்களுக்குத் தேவைன்னு வந்ததும் தெரியுது."

"ஆமா" என்றாள் வடிவு.

"ஆமான்னா?"

"ஆமா. எனக்குத் தேவைன்னுதான் எண்ணினேன். உங்களுக்காக எண்ணல."

அவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. சண்டைக்குத் தயாராக வைத்திருந்த வார்த்தைகளுக்கு இடமில்லாமல், துடைத்த கையை மறுபடி துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஜெபக்கனி சமையல்கூடத்துக்குத் தக்காளி எடுக்கக் கூடையோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கூடையைக் கீழே வைத்தாள்.

"இவருக்கு நீங்க, உங்களுக்கு இவரு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள்.

"இல்ல கனி, இந்தம்மா என்னைய எத்தன தடவ..."

"அவிய உங்களத் திருப்பி அனுப்பினாவ. நீங்க வந்து என்கிட்டப் புலம்பினிய. திங்கக்கிழமதோறும் கேட்டது நானு. காது எனக்கு வலிக்கி. நாளைக்கிக் காலைல ரெண்டு பேரும் கொண்ட வையுங்க."

மறுநாள் காலையில் வைத்தார்கள். சான்று இல்லாத ஒருவர் சாட்சி சொல்லலாமா என்று மென்சா விதிப்புத்தகத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். "சாட்சி ஒருவர் என்றே உளது. சான்று பெற்ற ஒருவர் என்று இல்லை" என்று கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். எழுதிய குழுவில் அவரும் இருந்தார்.

முதலில் ஞானதிரவியம் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"கதவத் தொறந்தேன். வேற ஒரு ஆளு இல்ல. இந்தம்மா குனிஞ்சு என்னமோ எழுதிட்டு இருந்தாவ. சாட்சி யாருன்னு கேட்டாவ. சங்கரபாண்டின்னேன். எங்க இருக்காருன்னு கேட்டாவ. செத்துட்டாருன்னேன். அப்ப முடியாதுன்னாவ. அந்தப் பேச்சு முடியுத வரைக்கும் நிமிந்து பாக்கல. நாந்தான் அவிய முகத்தப் பாத்துக்கிட்டே நின்னேன்."

பச்சை. ஆயிரத்து ஐந்து நாள்.

அடுத்து வடிவு. அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. "வந்ததுமே சத்தம் போட்டாரு. படிவத்தக் கிழிச்சு மேசைல எறிஞ்சிட்டுப் போனாரு."

சிவப்பு.

"கிழிச்சது ஆறாவது திங்கக்கிழம" என்றார் ஞானதிரவியம்.

"நினைவின்மேல் நினைவு படிந்துள்ளது. அடியில் உள்ளதைத் தேடுங்கள்" என்றார் மென்சா.

வடிவு மறுபடி யோசித்தாள். "சத்தம் போடல. என்னைய மொறச்சுப் பாத்தாரு."

மறுபடியும் சிவப்பு.

வடிவு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நூற்று நாற்பது திங்கட்கிழமைகளின் முகங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போனாள். எல்லாவற்றிலும் அவர் கத்திக்கொண்டிருந்தார். அடியில், வெகு அடியில், கத்தாத ஒரு முகம் இருந்தது. அதைப் பார்த்ததும் கூட இன்னொன்றும் எழும்பி வந்தது. அதைச் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை.

"தாங்கள் விரும்பினால் நிறுத்தலாம்" என்றார் மென்சா.

"இல்லம்மா." அவள் கண்ணைத் திறக்கவில்லை. "எப்ப வரட்டும்னு கேட்டாரு. மரியாதையாத்தான் கேட்டாரு. தெரியாதுன்னேன். வெளிய போயி பெஞ்சில உக்காந்தாரு. அப்பத்தான் கண்ணாடி வழியாப் பாத்தேன். கல்யாணத்துக்குப் போறவரு மாதிரி வெள்ளச் சட்ட போட்டிருந்தாரு. முகம் அப்படியே சுருங்கிப் போயிருந்துச்சு." கொண்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "சண்டையில மேலக்கூண்டு ஆளுவ பம்ப் வீட்டுக்குத் தீ வச்சாவ. தாயம்மா உள்ள இருந்தா. நான் வெளிய இருந்தேன். அதுக்குப் பெறவு மேலக்கூண்டுக்காரரு ஒருத்தரு என் முன்னால வந்து நின்னது அன்னைக்கித்தான். இல்லன்னு சொன்னேன். விதியில இல்லன்னுதான் சொன்னேன். ஆனா அவரு முகம் சுருங்கினதப் பாத்து எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. ரொம்ப நேரம் சந்தோசமா இருந்துச்சு."

பச்சை.

கொண்டையைக் கழற்றிய பிறகும் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஞானதிரவியம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பம்ப் வீடு எரியுதுன்னு கேட்டப்ப நான் கை தட்டினேன்" என்றார். "இந்த மிசினு அதக் கேக்கல. நானாத்தான் சொல்லுதேன்."

மென்சா இரண்டு சான்றையும் தன் கையால் எழுதினார். வடிவின் எண்ணை நியமன உத்தரவின் காலிக் கட்டத்தில் நிரப்பினார்.

வெளியே செய்தி பரவியதும் வேடிக்கையாகிவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் பதிவகத்தின் வரிசையில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றவர்கள். வரிசையில் இரண்டு கூண்டும் கலந்துதான் நிற்கும். "அன்னைக்கி என் காலை மிதிச்சியே, அது எந்தத் தேதி?" என்று ஒருவரை ஒருவர் தேட ஆரம்பித்தார்கள். ஆயிரம் நாள் ஆனவர்கள் உடனே வந்தார்கள். ஆகாதவர்கள் எந்த நாளில் ஆகும் என்று சுவரில் எழுதி வைத்துக்கொண்டார்கள். ஞானதிரவியத்தின் திங்கட்கிழமை ரகளைகளைச் சேர்ந்து நின்று வேடிக்கை பார்த்த நினைவை வைத்தே, பதினேழு கீழக்கூண்டுக்காரர்கள் நாள் நிறையும்போது தங்களுக்குச் சாட்சி சொல்ல மேலக்கூண்டு ஆட்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

ஜெபக்கனி கல்யாணம் மூன்றாம் நாள் பதிவானது. வடிவுதான் பதிந்தாள். ஞானதிரவியம் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது என்ன அண்ணாச்சி?"

"வழக்கு. உங்க பேர்ல. கோர்ட்டுக்குப் போற மனுவெல்லாம் பதிவகம் வழியாத்தான் போகணும்னு விதி இருக்கு. முத்திர குத்துங்க."

வடிவு படித்துப் பார்த்தாள். பூமி நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட முடியாது. அவர்களுக்குச் சட்டக் காப்பு உண்டு. பொறுப்பு கைமாறிய நாளிலிருந்து பதிவகத்தின் மேல் போடலாம். கைமாற்றம் வெள்ளிக்கிழமை. மனுவில் சனிக்கிழமை தேதி போட்டிருந்தது. செங்கழனி நீதிமன்றத்தின் முதல் வழக்கு. அவள் முத்திரை குத்தினாள். கொஞ்சம் அழுத்தமாகவே குத்தினாள்.

வெள்ளிக்கிழமை மென்சாவை வழியனுப்பப் போனபோது அவள் விஷயத்தைச் சொன்னாள். மென்சா கப்பல் படியில் நின்றுவிட்டார். "நம் பதிவகத்தின் மீது வழக்கா?" என்று கேட்டார். பிறகு படிகளில் இறங்கி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். முதுகில் தட்டியபடி, "ரொம்ப சந்தோசம்ளா" என்றார். மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சுத்தமிழ்.

நீதிபதி ரகுமத் பீவி சண்டைக்கு முன் மேலக்கூண்டுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆறு மாதம் சட்டப் பயிற்சி முடித்தவர். சனிக்கிழமை காலை நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. இரண்டு கூண்டும் வந்திருந்தது. ஞானதிரவியம் எழுந்து இரண்டு வேண்டுதல்களை வைத்தார். பதிவகம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மிச்சமிருக்கும் ஆட்களை வந்து நிற்க விடாமல், அவரவருக்கு ஆயிரம் நாள் ஆகும் அன்று பதிவகமே கொண்டையைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

"பதிவாளர் என்ன சொல்லுதிய?" என்று நீதிபதி கேட்டார்.

"மன்னிப்புக்குத் தீர்ப்பு வேண்டாம்மா. எழுதிக் கொண்டாந்திருக்கேன்." வடிவு கடிதத்தை எடுத்துப் படித்தாள். நான்கு வரிதான். யார் உத்தரவிட்டார்கள் என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும் என்று இருந்தது. ஞானதிரவியம் எழுந்து அதை வாங்கி, மடித்து, ஜெபக்கனியிடம் கொடுத்தார்.

"ரெண்டாவது வேண்டுதலு?"

"முடியாதும்மா. இருக்கது ஒரு கொண்ட. நாங்க மூணு பேரு. இருநூத்தி நாப்பது வீடு."

ரகுமத் பீவி கணக்குப் போட்டார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நிமிர்ந்தார். "ஒரு நாளைக்கி ஆறு வீடுன்னா மொத்தம் நாப்பது நாளு வேலதான். முடியும். போகணும்னு உத்தரவு."

"நான் மேல்முறையீடு செய்யணும்."

"செய்யுங்களேன்."

"யார்கிட்ட?"

நீதிபதி பூமிக்காரர்கள் விட்டுப்போன தடித்த புத்தகத்தை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி புரட்டினார். "மேல்முறையீட்டு மன்றம், பின்னர் அமைக்கப்படும்னு போட்டிருக்கு."

"யாரு அமைக்கணும்னு?" என்று கேட்டது ஞானதிரவியம்.

"அது போடல."

"அப்ப நாமதான அமைக்கணும்? இந்தம்மாவுக்கு மேல்முறையீட்டுக்கு வழியில்லன்னா அது நியாயம் இல்லையே. ஜெயிச்சவன் நான் சொல்லுதேன்."

"ஏன் ஞானதிரவியம், வாதியும் பிரதிவாதியும் ஒரே பக்கம் நின்னு பேசினா நான் யாருக்குத் தீர்ப்பு சொல்ல?" என்றார் ரகுமத் பீவி. கூட்டம் சிரித்தது. "ரெண்டு பேரும் சேந்து மனு எழுதிக் குடுங்க. ஊர்க்கூட்டத்துக்கு அனுப்புதேன்."

வாசலுக்கு அருகே ஒரு மேசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். வடிவு பேனாவைத் திறந்தாள்.

"எழுதுங்க" என்றார் ஞானதிரவியம். "மேலக்கூண்டு, கீழக்கூண்டு மக்களாகிய நாங்கள்..."

"கீழக்கூண்டு, மேலக்கூண்டு."

"அதெப்படி? மேல மொதல்ல வரும், கீழ பெறவு வரும். எந்த ஊர்லயும் அப்படித்தான்."

"அகர வரிசைல கீழதான் மொதல்ல, அண்ணாச்சி. பதிவகத்துல அப்படித்தான் எழுதுவோம்."

"அது உங்க ஆபீசு. இது என் மனு."

"நம்ம மனு."

ஜெபக்கனி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொண்டுவந்த கடலையை உரிக்க ஆரம்பித்தாள். கூட்டம் கலைந்தது. நீதிபதி தன் அறையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தபோது தாளில் "மக்களாகிய நாங்கள்" என்பது மட்டும் இருந்தது. அதற்கு முன்னால் இரண்டு பெயர் எழுதும் அளவுக்கு இடம் விட்டிருந்தது.

"கதவச் சாத்தணும்" என்றார் ரகுமத் பீவி. "திங்கக்கிழம வந்து மிச்சச் சண்டையப் போடுங்க."